குடல்வால் சீழில் பிளீச்சிங் வாசனை

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். வாசல் காவலாளி முதல் அறுவை சிகிச்சை டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சப்பை. ஆனால் அது பார்க்கிற வேலை பெரிது.

தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, இடது பக்கம் திரும்பினால் கிருமி ஆய்வுக்கூடம். சளி, சிறுநீர், ரத்தம், சீழ் என்று நோயாளியின் உடம்பிலிருந்து எடுப்பதெல்லாம் அங்கேதான் வரும். அதை வட்டத் தட்டுகளில் தடவி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதி மேலே அனுப்பினால், டாக்டர் அதைப் பார்த்து ஊசி போடுவார். இருபத்தாறு வருஷமாக மூக்கக்கா செய்வது இதைத்தான். மற்றவர்கள் தட்டைக் கண்ணால் பார்த்தார்கள். அவள் மூடியைத் திறக்கும்போதே பாதி தெரிந்துகொண்டாள். பச்சையாகப் படர்கிற ஒரு கிருமிக்குத் திராட்சைப் பழ வாசனை. இன்னொன்றுக்குச் சர்க்கரையைப் பாகு காய்ச்சுகிற வாசனை. ஒன்று இருக்கிறது, மழையில் நனைந்த காலுறை தோற்றுவிடும். பரிசோதனைகளையும் விடாமல் செய்வாள், ஆனால் அவை அநேகமாக அவள் சொன்னதற்குத் தலையாட்டவே வரும்.

வீட்டிலும் இதே பிழைப்புதான். கணவருக்கு வாசனையே தெரியாது. சின்ன வயதில் வந்த சளியோடு அது போய்விட்டது. அச்சகத்தில் மை கலக்குகிற வேலை அவருக்கு, அதற்கு அது வசதியாகவும் போயிற்று. பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே நின்று நிம்மதியாகப் பேப்பர் படிக்கிற ஆள். நாத்தனார் எதிர்வீடு. சமையல் வாயு கசிகிறதோ என்று சந்தேகம் வந்தால் கம்பெனிக்குப் போன் செய்யமாட்டாள், "அண்ணி, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்" என்பாள். அண்ணியும் போவாள். வாசலிலேயே நின்று, "இல்ல, வாயு இல்ல. கட்டிலுக்கு அடியில எலி செத்துக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள். எலி கிடக்கும்.

பெருமை இல்லாமல் இருக்குமா? இருந்தது, நிறையவே இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் இளைஞனுக்கு வயிற்று வலி என்று குடல்வாலை அறுத்து எடுத்தார்கள். எடுத்துப் பார்த்தால் அது பிறந்த குழந்தை மாதிரி இருந்தது, ஒரு சிவப்புகூட இல்லை. பிறகு எதற்கு வலி என்று டாக்டர்கள் முழித்தபோது, அவனுடைய தட்டைச் சூட்டுப் பெட்டியில் வைக்காமல் வெளியே மேஜைமேலேயே வைத்துப் பார்த்தவள் மூக்கக்கா. குளிர் பிடித்த ஒரு கிருமி அதில் முளைத்தது. குடலோரத்து நெறிக்கட்டிகளை வீங்க வைத்து, குடல்வால் நோய் போலவே நாடகம் ஆடுகிற கிருமி அது. இளவட்டங்களின் வயிற்றில்தான் அதற்கு ஆட்டம் அதிகம். அந்தக் கதையை அவள் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

நாலு வருஷம் முன்பு ஆய்வுக்கூடத்துக்குப் புதுத் தலைமை டாக்டரம்மா வந்தாள். மூக்கக்காவைவிடப் பதினைந்து வயது இளையவள். வந்த மாதமே சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்: தட்டுகளை யாரும் முகரக் கூடாது. வேறொரு ஆய்வுக்கூடத்தில் ஒருவர் முகர்ந்து பார்க்கப் போய், கிருமி உள்ளே ஏறி, மூன்று மாதம் காய்ச்சலில் படுத்திருந்தார். மூக்கக்கா மல்லுக்கு நிற்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் தாளைப் படித்தாள். "சரியான பேச்சு" என்றாள். அன்றிலிருந்து ஒரு தட்டையும் மூக்கருகே கொண்டுபோனதில்லை. தன் மூக்கின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நாம் தேடிப் போக வேண்டாம், வருவது தானே வரும் என்று சொல்லிக்கொண்டாள். அந்த நம்பிக்கைக்குத்தான் ஒரு நாள் அடி விழுந்தது. விழுந்த இடமும் மூக்கேதான்.

ஒரு திங்கட்கிழமை பிற்பகல் மேலேயிருந்து ஒரு சின்னப் புட்டியில் சீழ் வந்தது. பத்தொன்பது வயதுப் பெண், கட்டட வரைபடம் படிக்கிறவள். மூன்று நாள் வயிற்று வலியைப் பரீட்சைக்காகப் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தாள். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது. அவசரமாக அறுத்து, கழுவி, தைத்திருந்தார்கள். மூக்கக்கா சீழில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தாள். குச்சி குச்சியாகக் கிருமிகள். வெடித்த குடலில் வேறு என்ன இருக்கும்? மிச்சத்தை ரத்தம் கலந்த தட்டில் கோடு கோடாக இழுத்தாள்.

அந்தத் தட்டுகளை வைக்க அங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பெரிய கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, மூடியை இறுக மூடுவார்கள். மெழுகுவத்தி உள்ளே இருக்கிற காற்றைத் தின்று தானே அணையும். சில கிருமிகளுக்கு அந்த மூச்சுமுட்டல்தான் பிடிக்கும். பிறகு ஜாடியோடு தூக்கிச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை தட்டு முழுக்கக் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி கொழுத்துக் கிடந்தது. எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தட்டை மறுபடி ஜாடிக்குள் வைத்தாள். புதன்கிழமை காலை முடிவு தயாராக இருந்தது. மற்ற தட்டுகளை எடுப்பதற்காக ஜாடி மூடியைத் திருகினாள். சுரீர் என்று பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது.

அப்போது தரை துடைத்துக்கொண்டிருந்தவள் கடுகு. ஆள் குள்ளம், எதற்கும் படபடவென்று வெடிப்பாள், அதனால் கடுகு.

"ஏம்மா, பவுடரை இப்படியா கொட்டுவ? மூக்கு எரியுது. இது ஆய்வுக்கூடமா, நீச்சல் குளமா?" என்றாள் மூக்கக்கா.

கடுகு வெடிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். அவள் வெடிக்காமல் போனது அதிசயம்தான். மூக்கக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. உட்கார்ந்து அறிக்கை எழுதினாள்: வழக்கமான குடல் கிருமிகள், இப்போது கொடுக்கும் மருந்துகளே போதும். கீழே கையெழுத்து.

ஜன்னலில் ஒருவர் நின்றிருந்தார். காக்கிச் சட்டை, அக்குளில் செருகிய பை. நகரப் பேருந்து ஓட்டுபவர். அந்தப் பெண்ணின் அப்பா.

"மேடம், என் பொண்ணோட ரிப்போர்ட் வந்துருச்சுங்களா? காய்ச்சல் இன்னும் விடலைங்க."

"வந்துருச்சு, மேல அனுப்பிட்டேன். சாதாரணக் கிருமிதாங்க. மருந்து கேக்கும். தைரியமா போங்க."

அவர் கைகூப்பினார். "நீங்க சொன்னா சரிங்க. மேல எல்லாரும் உங்களப் பத்திதான் சொன்னாங்க."

அன்று முழுக்க மூக்கக்காவுக்கு மனம் குளிர்ந்திருந்தது. யாருக்குத்தான் குளிராது?

வியாழக்கிழமை காலை வந்ததும், இரண்டு நாள் கடந்த தட்டுகளையெல்லாம் வழக்கப்படி சிவப்புப் பையில் போட்டுக் கட்டினாள். பெட்டியில் இடம் வேண்டும், தினம் நூறு தட்டு வருகிறது, யாருடைய தட்டுக்கும் அங்கே நிரந்தர வாடகை கிடையாது. பையைக் கொதிநீராவி அறைக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே பதினோரு மணிக்கு ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் வைத்து அழுத்தத்தில் அவித்துவிடுவார்கள். பிறகு கிருமியும் இல்லை, சாட்சியும் இல்லை.

பத்தரை மணிக்கு ஓட்டுநர் மறுபடியும் ஜன்னலில் வந்து நின்றார். இந்தத் தடவை கைகூப்பவில்லை. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குத் திரும்பவும் வயித்தக் கிழிக்கணுங்கறாங்க மேடம். மருந்து சரியான மருந்துதான், ரிப்போர்ட்லயே இருக்கு, அப்படியும் காய்ச்சல் நிக்கலேன்னா உள்ள எங்கயோ பெருசா சீழ் ஒளிஞ்சிருக்கு, தேடித்தான் பாக்கணும்னு சொல்றாரு டாக்டர். புள்ள எந்திரிச்சு உக்காரக்கூட முடியல. இன்னொரு தடவை தாங்குமாங்க?"

டாக்டர் யோசித்தது சரிதான். மருந்து சரி என்று அறிக்கை சொன்னால், தப்பு வயிற்றுக்குள்தான் இருக்க வேண்டும். அந்த அறிக்கை அவள் எழுதியது.

"ரெண்டு மணிதானே? இருங்க. மேல போய் அவகூட இருங்க" என்றாள்.

உள்ளே திரும்பினால் கடுகு தரை துடைத்துக்கொண்டிருந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. முந்தின நாள் பேச்சிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கக்காவுக்கு அந்த நேரத்தில் யாரோடாவது சமாதானமாக இருக்கவேண்டும் போலிருந்தது.

"நேத்து சொன்னதுக்கு இன்னும் கோவமா?"

"எனக்கென்ன கோவம். நான் கோவப்பட்டு என்ன ஆகப்போகுது."

"கொஞ்சம் கம்மியா போடுன்னுதானே சொன்னேன்."

கடுகு துடைப்பத்தை வாளியில் போட்டாள். இப்போது வெடித்தாள். "கம்மியா போடவா? பவுடரே கிடையாதுக்கா. தீந்து போய் இன்னியோட அஞ்சு நாள் ஆச்சு. ஸ்டோர்ல கேட்டா அடுத்த வாரம்ங்கறாங்க. வெறும் தண்ணிலதான் துடைக்கறேன். செய்யாத தப்புக்கு நேத்து அத்தனை பேர் முன்னாடி என்னைத் திட்டினீங்க."

"நேத்துமா இல்ல?"

"நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல."

மூக்கக்கா அப்படியே நின்றாள். பவுடர் இல்லை. ஆனால் வாசனை வந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஏமாற்றாத மூக்கு. அப்படியென்றால் அது தரையிலிருந்து வரவில்லை. ஜாடியைத் திறந்தபோது வந்தது. ஜாடிக்குள்ளிருந்து வந்தது.

பிளீச்சிங் வாசனை அடிக்கிற கிருமி ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறாள், மூன்றும் சண்டைக்காரர்களின் கையில். எதிராளியின் வாயில் குத்துவிட்டு, அவன் பல் தன் விரல் முட்டியைக் கிழித்து, அது சீழ் பிடித்து வருவார்கள். மனிதர்களின் வாயில் சும்மா குடியிருக்கிற கிருமி அது. மெதுவாகத்தான் முளைக்கும், இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். வாய்க் கிருமி வயிற்றுக்குள் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. எலி எங்கே செத்துக் கிடக்கிறது என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து சொல்லத் தெரிந்தவளுக்கு, மூக்குக்கு நேரே இருந்த ஜாடி தெரியவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. அவள் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் தகராறு, ஆனாலும் ஓடினாள். பின்னாலேயே கடுகும் ஓடி வந்தாள், எதற்கு என்று கேட்காமலே.

கொதிநீராவி அறைக்காரருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் குக்கர். அவர் உருளையின் இரும்புக் கதவைச் சாத்தி, சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திறங்க. என் பை ஒண்ணு உள்ள இருக்கு."

"உள்ள போனது போனதுதான். திறக்கக் கூடாதுன்னு உங்க டாக்டரம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க."

"நீராவி விட்டதுக்கு அப்புறம் திறக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்காங்க. விட்டுட்டீங்களா?"

குக்கர் யோசித்தார். அவர் யோசிப்பதற்கும் உருளை சூடாவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகும். "இன்னும் விடல" என்றார் கடைசியில், தோற்றுப்போன குரலில்.

"அப்ப திறங்கண்ணே. மேல ஒரு பொண்ணு படுத்திருக்கு."

அவர் சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருகினார். ஏழு சிவப்புப் பைகள். ஆய்வுக்கூடத்துப் பைகள் நாலு. மூக்கக்கா கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மூன்றாவது பையில், அடியிலிருந்து இரண்டாவதாக இருந்தது அந்தப் பெண்ணின் எண் எழுதிய தட்டு. மூடி கழன்றிருக்கவில்லை. கடுகு அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்குள்ளயா பவுடர் இருந்துச்சு?" என்றாள்.

"இதுக்குள்ளதான்" என்றாள் மூக்கக்கா. "என்னை மன்னிச்சுக்கோம்மா."

கடுகு முகத்தில் ஒரு இன்ச் சிரிப்பு வந்தது.

திரும்பி வந்து தட்டை விளக்கடியில் பிடித்தாள். கொழுத்த குடல் கிருமிகளின் கூட்டம் முடிந்து, கோடு மெலிகிற ஓரத்தில், ஊசிமுனை அளவில் புள்ளிகள் இருந்தன. முந்தின நாள் அவை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்திருக்கும். அவள் ஒரு புள்ளியைக் கம்பி முனையால் மெல்ல வழித்தாள். புள்ளி போன இடத்தில் தட்டின் மேற்பரப்பு குழிந்திருந்தது, கரையான் அரித்த மாதிரி. மூக்கை அருகே கொண்டுபோகவில்லை. தேவையும் இல்லை. அதை ஒரு சோதனைத் தாளில் தேய்த்தாள், பத்து விநாடியில் கத்தரிப்பூ நிறமானது. ஒரு சொட்டுச் சோதனைத் திரவத்தில் கலக்கினாள், நுரை வரவில்லை. இரண்டும் அவள் எதிர்பார்த்ததுதான். சாயம் போட்டுப் பார்த்தாள், மெல்லிய நேரான குச்சிகள்.

பிறகு, யாரும் கேட்காமலே, திங்கட்கிழமை பார்த்த கண்ணாடிச் சில்லைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தாள். குட்டையாகத் தடித்த குச்சிகள். அவற்றுக்கு நடுவே, தனியாகத் தெரிகிற மெல்லிய குச்சிகள். அன்றைக்கே இருந்திருக்கின்றன. குச்சி என்றால் குச்சி என்று அவள்தான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

தலைமை டாக்டரம்மா தட்டையும் சில்லையும் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"நீங்க சொல்றதுதான். முழுசா உறுதி பண்ண இன்னும் ரெண்டு நாள் ஆகும். ஆனா மருந்து மாத்த இது போதும். இப்ப அந்தப் பொண்ணுக்குப் போற ரெண்டு மருந்துமே இதை ஒண்ணும் பண்ணாது. குடல் கிருமி செத்துரும், இது ஜம்முனு உக்காந்திருக்கும். சின்ன வயசுக்காரங்க குடல்வால்ல இது எப்பவாவது வரும், யாரும் தேடறதில்ல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மூக்கக்கா சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். "முகரல மேடம். ஜாடியைத் திறந்தப்ப தானா வந்துச்சு. நேத்தே வந்துச்சு. கடுகு பவுடர் கொட்டிட்டான்னு நினைச்சேன். நினைச்சுட்டு உக்காந்து அந்த ரிப்போர்ட்டை எழுதினேன்."

டாக்டரம்மா தட்டை மேஜைமேல் வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். "நான் சர்ஜன்கிட்ட பேசறேன்."

"வேண்டாம் மேடம். எழுதினது நான். நானே போய்ச் சொல்றேன்."

அறுவை சிகிச்சை டாக்டர் நாலாவது மாடி நடையில், கை கழுவும் தொட்டியருகே நின்றிருந்தார். பன்னிரண்டரை மணி. நல்ல டாக்டர், ஆனால் பொறுமையைக் கத்தியோடு சேர்த்துக் கழுவி வைத்துவிடுகிற ரகம்.

"நேத்து சாதாரணக் கிருமின்னு எழுதினது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"இன்னிக்கு அது இல்லங்கறது?"

"அதுவும் நான்தான். நேத்து எழுதினது தப்பு. குடல் கிருமியோட இன்னொண்ணும் இருக்கு. உங்க மருந்து அதைத் தொடல. சாதாரண ஆம்பிசிலினுக்கே அது சாகும்."

"ஸ்கேன்ல மூணு சென்டிமீட்டருக்குச் சீழ் தெரியுதே."

"அது நீங்க பாக்க வேண்டியது டாக்டர். நான் கிருமியை மட்டும்தான் சொல்ல முடியும். ஆனா அந்தச் சீழ் வத்தாம இருக்கறதுக்குக் காரணம் இந்தக் கிருமின்னா, வயித்தக் கிழிச்சாலும் மருந்து மாத்தித்தான் ஆகணும். முதல்ல மாத்திப் பாத்துட்டு, அப்புறம் கிழிக்கலாமே."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "இந்தத் தடவை நிச்சயமா தெரியுமா? இல்ல நாளைக்கு வந்து மூணாவதா ஒண்ணு சொல்வீங்களா?"

அங்கேதான் எல்லாம் இருந்தது. ஆமாம் என்று சொல்லி அது தப்பாகப் போனால், அந்தப் பெண்ணின் உயிரோடு ஒரு நாள் விளையாடியதாகும். மூக்கக்கா இந்தத் தடவை தன் மூக்கை நினைக்கவில்லை. குழிந்த தட்டை நினைத்தாள், நிறம் மாறிய தாளை நினைத்தாள், திங்கட்கிழமைச் சில்லில் இருந்த மெல்லிய குச்சிகளை நினைத்தாள்.

"தெரியும் டாக்டர்" என்றாள்.

அவர் குழாயை மூடினார். "நாளைக் காலை பத்து மணி வரைக்கும். காய்ச்சல் இறங்க ஆரம்பிக்கலேன்னா கிழிப்பேன். நடுவுல நாடி ஏறினாலும் கிழிப்பேன்." நர்ஸைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு ஏதாவது மருந்து ஒவ்வாதா என்று கேட்டு, இல்லை என்றதும் புது ஊசியை எழுதிக் கொடுத்தார்.

அன்று வீட்டில் மூக்கக்கா பால் கருகியதைக் கவனிக்கவில்லை. கணவர்தான் கண்ணால் பார்த்து அடுப்பை அணைத்தார். அவள் அதற்குப் பிறகும் தெரியாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டு அவருக்குக் கவலை வந்துவிட்டது. "உனக்கும் சளியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் நேரே நாலாவது மாடிக்கு ஏறினாள். கட்டில் முனையில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். நூற்று மூன்றிலேயே நின்றிருந்த கோடு, நள்ளிரவுக்குமேல் மெல்லச் சரிந்து நூற்று ஒன்றுக்கு வந்திருந்தது. பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குச் சர்ஜன் வந்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கத்தி வேண்டாம் என்றார். சனிக்கிழமை நூறு. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இல்லை. உறுதி செய்த அறிக்கையும் அதற்குள் மேலே போயிருந்தது, பெயரோடும் மருந்துப் பட்டியலோடும். இளவயதுக்காரர்களின் குடல்வால் சீழ் இனிமேல் மூன்று நாளுக்குக் குறையாமல் ஜாடியில் இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா இன்னொரு தாள் ஒட்டினாள். எழுதிக் கொடுத்தது மூக்கக்கா.

ஆஸ்பத்திரி அவளைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டது. குக்கர் இந்தக் கதையை, உருளை ஏற்கெனவே சூடாகியிருந்தது, தான் வெறுங்கையால் திறந்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வாசல் காவலாளி, "மூக்கக்கா மூக்கு இன்னொரு உசுரக் காப்பாத்திருச்சு" என்று போகிற வருகிறவர்களிடம் சொன்னார். பதினோரு வருஷத்துக் கதையோடு சேர்த்துச் சொல்ல இன்னொரு கதை தயார். ஆனால் அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன்னால் அப்பாவும் பெண்ணும் ஆய்வுக்கூட ஜன்னலுக்கு வந்தார்கள். பெண் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். இன்னொரு கை வாயில், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்க பேரைச் சொல்லிச் சொல்லி மாளல மேல" என்றார் ஓட்டுநர். அன்றைக்குப் போல மறுபடியும் கைகூப்பினார். "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம்."

"அது வாய்க் கிருமின்னு சொன்னாங்க. நகம் கடிக்கறதாலதான் வந்துச்சா?" என்றாள் பெண், விரலை எடுக்காமலே.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. எல்லார் வாயிலயும் இருக்கறதுதான். ஆனா கடிக்காம இருந்தா நல்லது."

"நான் பத்து வருஷமா சொல்றேன்" என்றார் அப்பா.

இத்தோடு அவர்கள் போயிருப்பார்கள். யாரும் எதையும் தெரிந்துகொண்டிருக்கமாட்டார்கள். மூக்கக்கா ஜன்னலைவிட்டு வெளியே வந்து அவர்கள் எதிரில் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். போன புதன்கிழமை சாதாரணக் கிருமி, தைரியமா போங்கன்னு உங்ககிட்ட சொன்னேன். அது தப்பு. அந்த ரிப்போர்ட்டை எழுதினதும் நான்தான். அன்னிக்கே எனக்கு ஒரு அறிகுறி கிடைச்சுது, நான் அதை வேற எதுவோன்னு நினைச்சு விட்டுட்டேன். உங்க பொண்ணு ஒரு நாளைக்கு மேல கூடுதலா காய்ச்சல்ல கிடந்தது என்னால. ரெண்டாவது ஆப்பரேஷன் வரைக்கும் போனதும் என்னாலதான்."

ஓட்டுநர் கை இறங்கியது. முகத்தில் இருந்த சிரிப்பு போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைய முகம் வந்தது. கோபம் வருகிறது என்று தெரிந்தது. அவர் அதை அடக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. பெண் நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?" என்றார். "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"அதனாலதாங்க சொல்றேன்."

நடையில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவர் வழிவிட்டு ஒதுங்கி, மறுபடி அதே இடத்தில் வந்து நின்றார். பிறகு அக்குளில் இருந்த பையைத் திறந்து, மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"திங்கக்கிழமை திரும்பவும் ரத்தம் குடுத்து, கிருமி இன்னும் இருக்கான்னு கல்ச்சர் பாக்கணும்னு எழுதியிருக்காங்க" என்றார். "வேற யார்கிட்டயும் குடுத்துராதீங்க. நீங்களே பாருங்க."